மாறுகண் அறுவை சிகிச்சைக்குப் பின் குழந்தைக்கு வாந்தி வராமல் தடுக்க முடியுமா?

கேள்வி: தென்காசி அம்மா

அனைவருக்கும் வணக்கம். ஏழு வயதாகும் என் மகனுக்கு இரண்டு கண்களிலும் மாறுகண் இருப்பதால், அடுத்த மாதம் மதுரையில் முழு மயக்கம் கொடுத்து அறுவை சிகிச்சை செய்ய நாள் குறித்திருக்கிறார்கள். காலையில் சேர்த்துக்கொண்டு மாலையிலேயே வீட்டுக்கு அனுப்பிவிடுவோம் என்று கண் மருத்துவர் சொல்லியிருக்கிறார். அறுவை சிகிச்சையைப் பற்றி அவர் பொறுமையாக விளக்கிவிட்டதால் அதில் எங்களுக்குப் பெரிய அச்சம் இல்லை. அதற்குப் பின் வரக்கூடிய வாந்தியைப் பற்றித்தான் இங்கே கேட்க விரும்புகிறேன்.

இவனுடைய அக்காவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு மருத்துவமனையில் டான்சில் எடுத்தார்கள். அன்று மாலை தொடங்கிய வாந்தி மறுநாள் விடியும்வரை நிற்கவில்லை. குடித்த ஒரு வாய்த் தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை. வெட்டுக்காயம் ஆறாத தொண்டையோடு ஒவ்வொரு முறை ஓங்கரிக்கும்போதும் அந்தக் குழந்தை பட்ட வேதனையை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. அன்றே வீட்டுக்கு அனுப்புவதாகச் சொன்னவர்கள், திரும்பவும் டிரிப்ஸ் ஏற்றி இரவு முழுவதும் வைத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஏன் இப்படி என்று கேட்டபோது, மயக்க மருந்து கொடுத்தால் வாந்தி வரத்தான் செய்யும் என்ற ஒரே பதில்தான் கிடைத்தது.

மகனுக்கோ பேருந்தில் ஏறினாலே வயிற்றைப் புரட்டும். மலைப்பாதை என்றால் கட்டாயம் வாந்தி எடுத்துவிடுவான். அறுவை முடிந்து மதுரையிலிருந்து காரில்தான் திரும்ப வேண்டும். இந்த வாந்தி உண்மையிலேயே தவிர்க்க முடியாததுதானா, அல்லது முன்கூட்டியே தடுக்க வழி இருக்கிறதா? யாரிடம், எப்போது, என்ன சொல்ல வேண்டும்? முந்தைய நாள் இரவு முதல் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்காமல் பட்டினி போடுவது அவசியந்தானா? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில் 1: குழந்தைகள் மயக்க மருத்துவர்

வணக்கம் சகோதரி. மயக்க மருந்து கொடுத்தால் வாந்தி வரத்தான் செய்யும் என்ற பதிலை இன்று எந்த மருத்துவமனையும் சொல்லக் கூடாது. எந்தக் குழந்தைக்கு வாந்தி வர வாய்ப்பு அதிகம் என்பதை அறுவைக்கு முன்பே பெருமளவு கணித்துவிட முடியும். அந்தக் கணிப்புக்கு ஏற்ப மயக்கம் கொடுக்கும் முறையையும் மருந்துகளையும் மாற்றிக்கொள்ளவும் முடியும். எனவே இந்தக் கேள்வியை அறுவைக்கு முன்பே நீங்கள் எழுப்பியது மிகவும் நல்லது.

2004-இல் ஜெர்மனியைச் சேர்ந்த எபர்ஹார்ட் குழுவினர் குழந்தைகளுக்கென்றே ஓர் எளிய மதிப்பீட்டை வெளியிட்டார்கள். அறுவை அரை மணி நேரமோ அதற்கு மேலோ நீடிப்பது, குழந்தைக்கு மூன்று வயது நிரம்பியிருப்பது, செய்யப்படுவது மாறுகண் அறுவையாக இருப்பது, அந்தக் குழந்தைக்கோ பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ முன்பு அறுவைக்குப் பின் வாந்தி வந்திருப்பது ஆகிய நான்கையும்தான் அதில் பார்க்கிறோம். தடுப்பு மருந்து எதுவும் தராவிட்டால், இவற்றில் ஒன்றும் இல்லாத குழந்தைக்கு வாந்தி வரும் வாய்ப்பு ஏறத்தாழ 9 விழுக்காடு. ஒன்று இருந்தால் 10, இரண்டு இருந்தால் 30, மூன்று இருந்தால் 55, நான்கும் இருந்தால் 70 விழுக்காடு. உங்கள் மகனுக்கு ஏழு வயது, அறுவை மாறுகண்ணுக்கு, அக்காவுக்கு வாந்தி வந்திருக்கிறது, இரண்டு கண்களிலும் செய்வதால் அரை மணி நேரத்தைத் தாண்டவே வாய்ப்பு அதிகம். ஆகவே அவன் அந்தக் கடைசி வரிசையில் வருகிறான் என்று வைத்துக்கொண்டே திட்டமிட வேண்டும். இது அச்சுறுத்துவதற்காகச் சொல்வது அல்ல. ஆபத்து இவ்வளவு தெளிவாகத் தெரியும் குழந்தைக்குத்தான் தடுப்பின் பலனும் மிகத் தெளிவாகக் கிடைக்கும்.

மாறுகண் அறுவைக்கு ஏன் இவ்வளவு வாந்தி என்று பலர் கேட்பார்கள். கண்ணை அசைக்கும் தசைகளைப் பிடித்து இழுத்து, அவற்றின் இடத்தை மாற்றித் தைப்பதே அந்த அறுவை. அந்த இழுப்பு முகத்தின் உணர்ச்சி நரம்பு வழியாக மூளைத்தண்டுக்குச் சென்று, அங்கிருந்து இதயத்துக்கும் வயிற்றுக்கும் செல்லும் வேகஸ் நரம்பைத் தூண்டுகிறது. இதயத் துடிப்பு சட்டென்று குறைவதும் இதனால்தான். வாந்தி மையம் தூண்டப்படுவதற்கும் இந்த வழியே காரணம் என்று கருதுகிறோம். கண்ணுக்கும் வயிற்றுக்கும் தொடர்பே இல்லாததுபோல் தோன்றினாலும், உடலுக்குள் அந்தத் தொடர்பு இருக்கிறது.

தடுப்பில் முதலில் வருவது மயக்கம் கொடுக்கும் முறை. முகமூடி வழியே செலுத்தும் வாயு மருந்துகளும், நைட்ரஸ் ஆக்சைடும் வாந்தியைக் கூட்டக்கூடியவை. அவற்றுக்குப் பதிலாக, பால்போல வெண்மையாக இருக்கும் புரோபோஃபால் என்ற மருந்தை இரத்தக் குழாய் வழியாகத் தொடர்ந்து செலுத்தி முழு மயக்கத்தையும் பராமரித்தால் வாந்தி குறைகிறது. மாறுகண் அறுவையில் இம்முறையைக் கையாளும்போது இதயத் துடிப்பு குறையும் போக்கு சற்றுக் கூடலாம் என்பதால், மயக்க மருத்துவர் அதற்கான மருந்தைத் தயாராக வைத்துக்கொண்டு கவனிப்பார். வலிக்கு மார்ஃபின் வகை மருந்துகளை முடிந்தவரை குறைத்து, பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும் தந்து, கண்கோளத்தைச் சுற்றி மரத்துப்போகும் மருந்தையும் அறுவை மேசையிலேயே செலுத்தினால், வலியும் அடங்கும், வாந்திக்கான ஒரு காரணமும் விலகும்.

அடுத்தது தடுப்பு மருந்து. ஒண்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன் ஆகிய இரண்டையும் சேர்த்துத் தருவதே உங்கள் மகனைப் போன்ற குழந்தைகளுக்குப் பரிந்துரைக்கப்படும் முறை. அறுவைக்குப் பின் வரும் வாந்தியைப் பற்றி 2020-இல் வெளியான நான்காவது பன்னாட்டு ஒருமித்த வழிகாட்டுதலும் அதையே சொல்கிறது. ஒண்டான்செட்ரான் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் வீதம், அதிகபட்சம் 4 மில்லிகிராம். டெக்ஸாமெத்தசோன் கிலோவுக்கு 0.15 மில்லிகிராம் வீதம், அதிகபட்சம் 5 மில்லிகிராம். உங்கள் மகன் 20 கிலோ என்றால் முறையே 2 மில்லிகிராமும் 3 மில்லிகிராமும் வரும். இந்த அளவுகளை எழுதுவது நீங்கள் கொடுப்பதற்காக அல்ல; மருத்துவருடன் பேசும்போது எவ்வளவு சிறிய அளவைப் பற்றிப் பேசுகிறோம் என்பது புரிவதற்காகவே. டெக்ஸாமெத்தசோன் வேலை செய்யச் சற்று நேரம் எடுக்கும் என்பதால், மயக்கம் வந்தவுடன் அதைச் செலுத்துவோம். தனித்தனியாகத் தந்தால் ஒவ்வொன்றும் வாந்தியின் வாய்ப்பை ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கும். இரண்டும் வெவ்வேறு வழிகளில் வேலை செய்வதால் சேரும்போது பலன் இன்னும் கூடுகிறது.

மூன்றாவதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. அறுவையின்போது ஏற்றும் டிரிப்ஸின் அளவும் வாந்தியோடு தொடர்புடையது. மாறுகண் அறுவை செய்துகொண்ட குழந்தைகளிடமே நடந்த, 2006-இல் வெளியான ஆய்வில், எடையில் கிலோவுக்கு ஒரு மணி நேரத்தில் 10 மில்லி வீதம் ரிங்கர் லாக்டேட் என்ற டிரிப்ஸ் நீர் பெற்றவர்களைவிட 30 மில்லி வீதம் பெற்றவர்களுக்கு வாந்தி குறைவாக இருந்தது. இதயமும் சிறுநீரகமும் நலமாக உள்ள குழந்தைக்கு இது எளிமையான, செலவு குறைந்த தடுப்பு.

பட்டினியைப் பற்றிய உங்கள் கேள்விக்கு வருகிறேன். இரவு முதல் தண்ணீர்கூடத் தராமல் வைத்திருப்பது தேவையே இல்லை. அதனால் குழந்தை வறண்டு, அழுது, சோர்ந்து, வாந்திக்கு இன்னும் எளிதாக ஆளாகிறது. திட உணவுக்கும் பாலுக்கும் ஆறு மணி நேர இடைவெளி வேண்டும். தெளிந்த நீர், சர்க்கரை கலந்த நீர், கூழ் இல்லாத ஆப்பிள் சாறு போன்றவற்றை இரண்டு மணி நேரம் முன்புவரை தரலாம் என்பதே நீண்ட காலமாக உள்ள விதி. 2018-இல் பிரிட்டன், பிரான்சு, ஐரோப்பியக் குழந்தை மயக்கவியல் சங்கங்கள் சேர்ந்து அதையும் ஒரு மணி நேரமாகக் குறைத்துவிட்டன. உங்கள் மருத்துவமனை எந்த நேரத்தைச் சொல்கிறதோ அதை மீறாதீர்கள். ஆனால், கடைசியாகத் தண்ணீர் எத்தனை மணிக்குத் தரலாம் என்று நேரத்தைக் குறித்துக் கேட்டு, அந்த நேரத்தில் குழந்தையை எழுப்பியாவது குடிக்க வையுங்கள். முந்தைய அறுவைகள் இழுத்துக்கொண்டே போய் நேரம் தள்ளிப்போனால், மறுபடியும் தண்ணீர் தரலாமா என்று தயங்காமல் கேளுங்கள். பாலில் கலந்த சத்துமாவுப் பானம் தெளிந்த பானம் ஆகாது; அதைத் தண்ணீர் என்று எண்ணிக் கொடுத்து அறுவை தள்ளிப்போன குழந்தைகள் உண்டு.

பதில் 2: மீட்பறைச் செவிலியர்

மருத்துவர் ஐயா சொன்னவற்றோடு, மயக்கம் தெளிந்த பிறகு நடப்பதைப் பற்றிச் சில சொற்கள் சேர்க்கிறேன் அம்மா. பெரியவர்கள் குமட்டுகிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிடுவார்கள். குழந்தைகள் பெரும்பாலும் சொல்வதில்லை, வயிறு வலிக்கிறது என்பார்கள் அல்லது காரணமில்லாமல் அழுவார்கள். முகம் வெளிறிப்போய், உதட்டைச் சுற்றி வியர்வை அரும்பி, எச்சிலை அடிக்கடி விழுங்கிக்கொண்டு, யார் பேசினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தைக்குக் குமட்டல் இருக்கிறது என்றே நாங்கள் எடுத்துக்கொள்வோம். அப்போதே எங்களைக் கூப்பிட்டால், வாந்தி வருவதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்லி மருந்து கொடுக்க முடியும்.

மயக்கம் தெளிந்தவுடன் பாட்டியும் அத்தையும் சுற்றி நின்று, குழந்தை பட்டினியாகக் கிடக்கிறதே என்ற பரிவில் ஏதாவது குடிக்க வைக்கப் பார்ப்பார்கள். அந்தப் பரிவு எனக்குப் புரிகிறது; ஆனாலும் அதைத் தடுப்பது உங்கள் பொறுப்பு. தண்ணீர் குடித்துக் காட்டினால்தான் வீட்டுக்கு அனுப்புவோம் என்ற பழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. குடித்தே தீர வேண்டும் என்று கட்டாயப்படுத்தப்பட்ட குழந்தைகள், விருப்பப்பட்டபோது மட்டும் குடித்த குழந்தைகளைவிட அதிகமாக வாந்தி எடுத்தார்கள் என்று 1992-லேயே ஓர் அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. டிரிப்ஸ் போதுமான அளவு ஏறியிருந்தால் சில மணி நேரம் வாய்வழியாக எதுவும் தராததால் கெடுதல் இல்லை. குழந்தை தானாகத் தாகம் என்று கேட்கும்போது ஒரு கரண்டி, சற்றுப் பொறுத்து இன்னொரு கரண்டி என்று தொடங்குங்கள். அது தங்கினால் கஞ்சியோ இட்லியோ பிறகு தரலாம்.

தூக்கி உட்காரவைப்பதையும், தோளில் போட்டுக்கொண்டு நடப்பதையும் மெதுவாகச் செய்யுங்கள். அசைவால் குமட்டும் குழந்தைகளுக்குத் தள்ளுவண்டி திரும்பும் ஒரு திருப்பமே போதும், உடனே புரட்டிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கண்ணை மூடித் தூங்க விடுவது நல்லது.

பதில் 3: சேலம் தகப்பன்

என் மகளுக்குச் சென்ற ஆண்டு டான்சிலும், மூக்கின் பின்புறம் வளரும் அடினாய்டு சதையும் சேர்த்து எடுத்தோம். எங்களுக்கு உதவியது ஒரு சிறிய யோசனை. அறுவை செய்யும் மருத்துவரை நான்கு முறை பார்த்திருந்தாலும், மயக்க மருத்துவரை அன்று காலைதான் முதன்முதலாகப் பார்ப்போம் என்று எங்களுக்குத் தெரிந்தது. எனவே ஒரு தாளில், என் மனைவிக்குச் சிசேரியனின்போது நிற்காமல் வாந்தி வந்தது, மகளுக்குப் பயண வாந்தி உண்டு, எந்த மருந்துக்கு ஒவ்வாமை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம் ஆகியவற்றைத் தெளிவாக எழுதிக் கோப்பின் முதல் பக்கத்தில் வைத்தோம். அவர் அதைப் படித்துவிட்டு இரண்டு தடுப்பு மருந்துகள் தருவதாகச் சொன்னார். ஒரே ஒரு முறை பழுப்பாக வாந்தி எடுத்தாள்; தொண்டையில் வடிந்த பழைய இரத்தம் வயிற்றுக்குள் போனதால் அப்படி வரும் என்று முன்பே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை.

என் மாமியார் இஞ்சிச்சாறு கொடுக்கலாம் என்றார். மணிக்கட்டில் அழுத்தும் பட்டை வாங்கிப் போடலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். இவற்றில் பலன் உண்டா என்பதையும் மருத்துவர் விளக்கினால் எங்களைப் போன்றவர்களுக்கு உதவும்.

மறுபதில்: தென்காசி அம்மா

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. தாளில் எழுதி வைக்கும் யோசனையை அப்படியே பின்பற்றப்போகிறேன். இன்னும் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. டெக்ஸாமெத்தசோன் ஸ்டீராய்டு அல்லவா? அதைக் குழந்தைக்குக் கொடுத்தால் புண் ஆறாமல் போகும், உடல் ஊதிவிடும் என்று எங்கள் வீட்டில் அஞ்சுகிறார்கள். அடுத்தது, வாந்தி நிற்கும் சிரப் எங்கள் வீட்டில் இருக்கிறது. அறுவைக்குக் கிளம்பும் முன்பும், திரும்பும் வழியிலும் அதை நாங்களே கொடுக்கலாமா?

பதில் 4: குழந்தைகள் மயக்க மருத்துவர்

ஸ்டீராய்டு என்ற பெயரைக் கேட்டாலே வரும் அச்சம் வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மாத்திரையாகச் சாப்பிடுபவர்களைப் பார்த்து வந்தது. இங்கே தருவது ஒரே ஒரு ஊசி; அதனால் உடல் ஊதுவதில்லை, நலமான குழந்தைக்குப் புண் ஆறுவதும் கெடுவதில்லை. டான்சில் அறுவையில் இந்த ஊசி இரத்தக் கசிவைக் கூட்டுமோ என்ற ஐயத்தை 2008-இல் வந்த ஓர் ஆய்வு எழுப்பியது உண்மை. அதன் பிறகு 2012-இல் அந்த ஒரு கேள்விக்காகவே நடத்தப்பட்ட பெரிய ஆய்வில், மறு அறுவை தேவைப்படும் அளவுக்கான கசிவு கூடியதாகத் தெரியவில்லை. அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் வழிகாட்டுதலும் டான்சில் எடுக்கும் குழந்தைகளுக்கு ஒரு வேளை டெக்ஸாமெத்தசோனை வலுவாகப் பரிந்துரைக்கிறது. ஆனால் கட்டாயம் சொல்ல வேண்டிய விதிவிலக்குகள் இருக்கின்றன. குழந்தைக்கு நீரிழிவு இருந்தாலோ, இரத்தப் புற்றுநோயோ நிணநீர்ப் புற்றுநோயோ இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலோ இதைத் தர மாட்டோம். காரணம் தெரியாத தொடர் காய்ச்சல், எடைக் குறைவு, கழுத்தில் பெரிய நெறிக்கட்டிகள் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

சிரப்பை நீங்களாகக் கொடுக்க வேண்டாம். கிளம்பும் முன் கொடுத்துவிட்டால், அறுவை அரங்கில் அதே மருந்தை மீண்டும் கொடுக்க நேரலாம். ஒண்டான்செட்ரான் கொடுத்த பிறகும் வாந்தி வருகிறதென்றால், ஆறு மணி நேரத்துக்குள் அதையே திரும்பக் கொடுப்பதில் பயன் பெரும்பாலும் இல்லை. வேறு வகை மருந்துதான் வேண்டும், அதை மருத்துவமனையில்தான் தர முடியும். ஒண்டான்செட்ரான் இதயத்தின் மின்னோட்டத்தில் சிறிய மாற்றத்தை உண்டாக்கக்கூடியது. வீட்டில் யாருக்காவது காரணமின்றி மயங்கி விழும் பழக்கமோ, இளம் வயதில் திடீர் மரணமோ நேர்ந்திருந்தால் அதையும் அந்தத் தாளில் எழுதுங்கள். வேறு வாந்தி மருந்துகளை மருந்துக் கடையில் கேட்டு வாங்குவது இன்னும் ஆபத்தானது. மெட்டோகுளோப்ரமைடு சில குழந்தைகளுக்குக் கழுத்தையும் கண்ணையும் ஒரு பக்கமாக இழுத்துவிடும். புரோமெத்தசின் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மூச்சையே நிறுத்தக்கூடியது என்று 2004-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்துவிட்டது.

சேலம் நண்பர் கேட்ட பட்டையைப் பற்றிச் சொல்கிறேன். மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரல் மேலே, இரண்டு தசைநாண்களுக்கு இடையே உள்ள புள்ளியை அழுத்துவதால் அறுவைக்குப் பின் வரும் குமட்டலும் வாந்தியும் குறைகின்றன என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. அதனால் கெடுதல் இல்லை. மருந்துக்கு மாற்றாக நினைக்காமல், மயக்க மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் போடலாம். இஞ்சிச்சாறு தெளிந்த பானம் அல்ல. பட்டினி நேரத்தில் அது வேண்டவே வேண்டாம். டான்சில் எடுத்த குழந்தைகளின் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள்: வீட்டில் மீந்திருக்கும் கோடீன் கலந்த இருமல் மருந்தை வலிக்கென்றோ தூக்கத்துக்கென்றோ கொடுத்துவிடாதீர்கள். சில குழந்தைகளின் உடல் அதை மிக வேகமாக மார்ஃபினாக மாற்றிவிடும். வாந்தியைவிடப் பெரிய ஆபத்து, மூச்சு அடங்கிப்போவது. டான்சில் அறுவைக்குப் பின் குழந்தைகளுக்குக் கோடீன் தரவே கூடாது என்று 2013-இல் அதே அமெரிக்க அமைப்பு தடை விதித்ததற்கு, உயிரிழந்த குழந்தைகளே காரணம்.

பயணத்தைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். மதுரையிலிருந்து தென்காசி நெடுந்தொலைவு. இவ்வளவு ஆபத்துக் காரணிகள் உள்ள, பயண வாந்தியும் உள்ள குழந்தையை அன்று மாலையே அழைத்துச் செல்லாமல், இயன்றால் மருத்துவமனைக்கு அருகில் ஓர் இரவு தங்கிவிட்டு மறுநாள் காலை கிளம்புவதே என் பரிந்துரை. வீட்டுக்குப் போன பிறகு ஒன்றிரண்டு முறை வாந்தி வந்து, இடையில் குழந்தை தெளிவாக இருந்தால் கரண்டி கரண்டியாக நீர் கொடுத்துக்கொண்டு காத்திருக்கலாம். எதைக் கொடுத்தாலும் தங்காமல் வாந்தி தொடர்ந்தாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, வாந்தி பச்சை நிறத்தில் வந்தாலோ, எழுப்பியும் விழிக்காத அளவுக்குச் சோர்ந்து கிடந்தாலோ, கண்ணில் வலி கூடிக்கொண்டே போனாலோ, அது இரவாக இருந்தாலும் மருத்துவமனை எண்ணுக்கு அழைத்துவிட்டு உடனே கிளம்புங்கள். டான்சில் எடுத்த குழந்தை என்றால், புதுச் சிவப்பாக இரத்தம் வந்தாலோ, தூக்கத்தில் அடிக்கடி எதையோ விழுங்கிக்கொண்டே இருந்தாலோ தொலைபேசிக்காகக்கூடக் காத்திருக்க வேண்டாம்.

மறுபதில்: தென்காசி அம்மா

மிக்க நன்றி ஐயா. அன்று இரவு மதுரையிலேயே தங்க என் கணவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். மகளுடைய பழைய மருத்துவமனைக்குப் போய், அன்று அவளுக்கு என்னென்ன மயக்க மருந்துகள் கொடுக்கப்பட்டன என்ற குறிப்பின் நகலையும் கேட்டு வாங்கப்போகிறோம். அது கிடைத்தால் மதுரை மயக்க மருத்துவரிடம் காட்டுகிறேன்.